ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்றால் குழந்தைக்கும் வருமா?

கேள்வி: எனக்கு வயது 27. முதல் குழந்தை, இப்போது ஐந்தாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் பரிசோதனை) இரண்டும் நெகட்டிவ். ஹெபடைடிஸ் பி-க்கான ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மட்டும் பாசிட்டிவ். எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. இது எப்படி வந்தது என்று கணவர் வீட்டில் கேட்கிறார்கள். மாமியார் தினமும் கீழாநெல்லி அரைத்துத் தருகிறார். குழந்தைக்கும் வந்துவிடுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: குழந்தைக்கு வராமல் தடுக்க முடியும். தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தப் பரிசோதனையைக் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எடுப்பதே அதற்காகத்தான். உங்கள் நடத்தையை யாரும் சந்தேகித்து எடுத்ததல்ல.

எப்படி வந்தது என்பதற்கு இன்று யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று சொல்லலாம். பெரியவர்களான பிறகு, கல்லீரலைத் தாக்கும் இந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்றினால் பெரும்பாலானோர் உடம்பு சில மாதங்களில் அதைத் துரத்திவிடும். உடம்பிலேயே தங்கிவிடுவது பெரும்பாலும் பிறக்கும்போதோ குழந்தைப் பருவத்திலோ தொற்றியவர்களுக்குத்தான். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி நாடு முழுக்க வந்தது 2011-ல். நீங்கள் பிறந்தபோது அது கிடையாது. இதைக் கணவரிடம் டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

அடுத்து, கல்லீரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் எல்.எஃப்.டி., வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் வைரல் லோடு, இரண்டையும் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் தடுப்புத் திட்டத்தில் இந்தப் பரிசோதனைகளும் மாத்திரையும் இலவசம். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள், வழக்கமாக ஏழாம் மாத வாக்கில். கர்ப்பிணிகளுக்குப் பல வருடங்களாகக் கொடுக்கப்படும் மாத்திரை அது, பயப்பட வேண்டாம். பிரசவம் ஆன கையோடு நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் சிலருக்குக் கல்லீரல் அழற்சி கிளம்பும்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். தொற்று பெரும்பாலும் பிரசவ நேரத்தில், தாயின் ரத்தம் குழந்தைமேல் படும்போதுதான் போகிறது. அதனால் பிறந்த குழந்தையை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு தொடையில் தடுப்பூசியும் இன்னொரு தொடையில் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் (தயாராக உள்ள எதிர்ப்புப் பொருள்) ஊசியும், இரண்டையும் 12 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தடுப்பூசி எல்லா இடத்திலும் இருக்கும். இம்யூனோகுளோபுலின் அப்படியல்ல. அது குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய விலை கூடிய மருந்து. சின்ன ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்காது. ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை பிறந்து, அப்பா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலையும் நிலை வரக்கூடாது.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். ரத்தம் எடுத்தது இங்கே, பிரசவம் பார்ப்பது அங்கே. ரிப்போர்ட் மாமியார் வீட்டு பீரோவில் கிடக்கும். கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் புது டாக்டரிடம் வாய் திறக்காமல் இருந்துவிடுகிற பெண்களும் உண்டு. தயவுசெய்து அந்தத் தவறைச் செய்யாதீர்கள். ஒரிஜினல் ரிப்போர்ட்டை உங்கள் தாய்-சேய் அட்டையோடு சேர்த்து வையுங்கள். எட்டாம் மாதத்திலேயே பிரசவம் பார்க்கப் போகும் ஆஸ்பத்திரிக்குப் போய், "ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின் ஸ்டாக் இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆஸ்பத்திரி பாருங்கள். இந்தத் தொற்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

மாமியாரின் அக்கறை புரிகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, கீழாநெல்லி இந்த வைரஸை விரட்ட உதவுகிறது என்று 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதியாகவில்லை. கர்ப்ப காலத்தில் அது வேண்டாம்.

தாய்ப்பாலில் ஒரே கவனம்: காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால், ஆறும்வரை அந்தப் பக்கம் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மற்ற பக்கம் கொடுங்கள். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் தவறக்கூடாது. குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை ஒன்பது மாதம் முடிந்த பிறகு போதும். அதற்கு முன் எடுத்தால் பிறந்தபோது போட்ட ஊசியின் எதிர்ப்புப் பொருளே குழப்பிவிடும்.

வீட்டில் தட்டு, டம்ளர் தனியாக வைக்கத் தேவையில்லை. பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியாக இருக்கட்டும். கணவரை அடுத்த செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் அவருக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் என்று வந்து, எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால், அன்றைக்கே முதல் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அடுத்தது ஒரு மாதத்தில், கடைசியானது ஆறாம் மாதத்தில்.