இறந்துபோன அப்பாவின் பழைய டைரிகளையும் கடிதங்களையும் எடைக்குப் போட்டுவிடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். வீடு மாறும் அவசரத்தில் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அப்படி ஓர் அவசரத்தில்தான் பாதியைத் தொலைத்தேன்.

என் அப்பா மதுரையில் நிருபராக இருந்தவர். பிறகு ஓர் அமைச்சருக்கு உதவியாளராகப் போய் அறிக்கை, மேடைப்பேச்சு எல்லாம் எழுதிக் கொடுத்தார். ஆட்சி கலைக்கப்பட்ட 1976 ஜனவரி 31-ஆம் தேதி டைரியில் "மேசையைக் காலி செய்தேன்" என்று ஒரே வரி. அப்புறம் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் மக்கள் தொடர்பு அதிகாரியாகி அங்கேயே ஓய்வு பெற்றார். 1972-இல் தொடங்கிய கழகம் அது. 1997-இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த மன்னர்கள், தலைவர்கள் பெயர்களையெல்லாம் எடுத்தபோது அந்தப் பெயரும் போய்விட்டது.

அவர் காலமான பிறகு, அமைச்சரோடு நிற்கும் போட்டோக்களை மட்டும் முக்கியம் என்று எடுத்து வைத்தேன். பஸ் கேட்டு ஊர்க்காரர்கள் கொடுத்த மனுக்களின் நகல்கள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. அவை எடைக்குப் போயின. டைரிக்குள் மாட்டிக்கொண்ட ஒன்று மட்டும் தப்பியது. கீழே வரிசையாகப் பதினோரு கைநாட்டு. ஓரத்தில் அப்பாவின் சிவப்புப் பென்சில்: "மழைக்காலத்தில் ஓடை தாண்ட முடியாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை. நேரில் பார்க்க." அது எந்த ஊர் என்று எழுதிய மேல்பாதியைப் பூச்சி அரித்துவிட்டது.

இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று சிலர் கேட்கலாம். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா சேர்த்துவைத்த புத்தகங்களும் நோட்டீஸ்களும்தான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. நான் ஆவண நிபுணர் இல்லை, எனக்கும் இரண்டு அறை வீடுதான். இடம் இல்லாத கஷ்டம் தெரிந்தே சொல்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பா எழுதிய செய்திகள் எல்லாம் 'நமது நிருபர்' என்றே அச்சாயின. அவர் எழுதிக் கொடுத்த பேச்சுகளைத் தொகுத்துப் புத்தகம்கூட வந்தது. அதில் அவருக்கு ஒரு வரி நன்றி கிடையாது. அடித்தல் திருத்தலோடு அவர் கையெழுத்தில் என்னிடம் இருக்கும் தாள்களை விட்டால் அவர் எழுதியதற்கு வேறு சாட்சி இல்லை.

சரி, உங்கள் விஷயம். துருப்பிடித்த குண்டூசிகளையும் ரப்பர் பேண்டுகளையும் எடுத்துவிடுங்கள். லேமினேஷன் வேண்டாம், பிறகு பிரிக்கவே முடியாது. எந்தக் கட்டுக்குள் எது இருந்ததோ அது அங்கேயே இருக்கட்டும். அம்மா இருக்கிறார்கள் என்றால் இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, போட்டோக்களில் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டுப் பின்பக்கம் எழுதி வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.