இகுவானா கூண்டின் தரைக்கு எதை விரிப்பது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்தில் குடியிருக்கிறோம். இரண்டு வயதுப் பச்சை இகுவானா (பெரிய பல்லி இனம்) ஒன்றை வளர்க்கிறோம். கூண்டு பிளைவுட்டில் செய்தது. 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரம். கீழே கோகோ பீட் (தென்னை நார்த்தூள்) பரப்பியிருக்கிறோம். ஆனி, ஆடி மழையில் பூசணம் பிடித்து வாடை வீசுகிறது. சின்ன ஈக்கள் மொய்க்கின்றன. அள்ளிக் கொட்டி மாளவில்லை. கயிற்றுப் பாய், செயற்கைப் புல், டைல்ஸ் இவற்றில் எது கழுவ எளிது? நகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு வரக் கூடாது.

பதில்: கோகோ பீட்டை முழுதும் எடுத்துவிடுங்கள். ஒரே துண்டாக வெட்டிய வினைல் ஷீட்டை, நான்கு பக்கமும் 2 அங்குலம் சுவரில் ஏறும்படி விரியுங்கள். டைல்ஸும் நல்லதுதான், ஆனால் உங்கள் கூண்டுக்கு அது இரண்டாம் இடம்தான். கயிற்றுப் பாயும் செயற்கைப் புல்லும் வேண்டவே வேண்டாம்.

இகுவானா மரத்தில் வாழும் பிராணி. பகலில் பெரும்பாலும் கிளையில்தான் கிடக்கும். தரைக்கு இறங்குவது தண்ணீருக்கும் கழிவுக்கும்தான். ஆகவே உங்கள் கூண்டின் தரையை ஒரு குளியலறைத் தரையாக நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது, மூட்டு இருக்கக் கூடாது, துடைத்தால் ஒரே இழுப்பில் வர வேண்டும்.

கோகோ பீட் உங்கள் ஊரில் ஏன் தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறோம். இகுவானாவுக்குக் காற்றில் 60 முதல் 80 சதவீதம் ஈரப்பதம் தேவை. ஹீட்டர் ஓடும் குளிர்நாட்டு வீடுகளில் காற்று வறண்டுவிடும். அங்கே ஈரத்தைப் பிடித்துவைக்கத்தான் கோகோ பீட் பரப்புகிறார்கள். குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. போதாததற்குக் கடல்காற்று வேறு. அந்த ஈரப்பதம் வீட்டுக்குள் தானாகவே இருக்கிறது. அதற்கு மேல், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் ஒரு பொருளைக் கொட்டி, அதில் எச்சமும் உதிர்ந்த கீரையும் விழுந்தால் பூசணம் பிடிக்காமல் என்ன செய்யும்? ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானியைக் கூண்டின் நடு உயரத்தில் மாட்டிப் பாருங்கள். 60-க்குக் கீழே போகும் நாட்களில் மட்டும் காலையில் ஒருமுறை தண்ணீர் தெளித்தால் போதும்.

இன்னொரு ஆபத்தும் அதில் இருக்கிறது. இகுவானா புது இடம் எதையும் நாக்கால் ஒற்றிப் பார்க்கும். ஒவ்வொரு ஒற்றலிலும் கொஞ்சம் நார்த்தூள் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும்; உணவோடு சேர்ந்தும் போகும். போன தூள் குடலில் ஊதித் திரண்டு அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகலாம். மணலுக்கும் இதே கதைதான். கடற்கரை மணல் என்றால் உப்பு வேறு. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்திருக்கும், மோனசைட்டில் தோரியம் உண்டு. அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மரமில் தூள் மூச்சுக்குழாயைக் கெடுக்கும்.

கதம்பையும் (தேங்காய் மட்டை) கயிறும் மலிவாகக் கிடைக்கும் மாவட்டம் என்பதால் கயிற்றுப் பாய் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு பாயைக் கையில் எடுத்து முடிச்சுகளைப் பாருங்கள்: இகுவானாவின் நகம் நுழைந்து மாட்டுவதற்கென்றே அளவெடுத்த இடைவெளிகள். மாட்டிய காலை அது பொறுமையாக விடுவிக்காது; பயந்து இழுக்கும். நகம் பிடுங்கிக்கொண்டு வரும், சில நேரம் விரலும் பிசகும். பாய் மழைக்காலத்தில் மூன்று நாளானாலும் காயாது. செயற்கைப் புல்லில் வெட்டிய ஓரங்களிலிருந்து நூல் பிரியும். அந்த நூல் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துவிடும். புல்லின் அடியில் தங்கும் எச்சத்தை எந்த பிரஷ்ஷாலும் முழுதாக எடுக்க முடியாது.

டைல்ஸை ஏன் இரண்டாம் இடத்தில் வைத்தோம்? 18 சதுர அடிக்கு ஓரடி டைல் 18 துண்டு வேண்டும். எத்தனை நெருக்கி அடுக்கினாலும் துண்டுகளுக்கு நடுவே கோடுகள் இருக்கும். எச்சத்தின் நீர் அந்தக் கோடு வழியே இறங்கி அடியில் பிளைவுட்டை நனைக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. சிமென்ட் வைத்துப் பதித்தால் மரத்தின் விரிவு சுருக்கத்தில் விரிசல் விடும். எடையும் ஏறக்குறைய 30 கிலோ கூடும். கூண்டு சிமென்ட் தரையிலேயே நிற்கிறது, அடிப்பலகையே இல்லை என்றால் டைல்ஸ்தான் முதல் தேர்வு. அப்போதும் பளபளக்கும் ரகம் வேண்டாம். குளியலறைக்குப் போடும் மேட் ரகம் கேளுங்கள். வழுக்குகிற தரையில் கால்கள் பக்கவாட்டில் விரிந்து விரிந்து இடுப்பு மூட்டு கெடும்.

இனி வினைல் விரிக்கும் முறை.

கடையில் 'வினைல் ஃப்ளோரிங்' என்று கேட்டால் முதலில் ஸ்பாஞ்சு ஒட்டிய மெல்லிய ரகத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அது வேண்டாம், நகம் பட்டால் கிழியும், கிழிந்த இடத்தில் ஸ்பாஞ்சு மூத்திரத்தைக் குடித்துக்கொள்ளும். 1.5 முதல் 2 மி.மீ. கனத்தில், அடியிலும் மேலிலும் வினைலாகவே உள்ள ஷீட் வேண்டும். மேல்பக்கம் லேசாகச் சொரசொரப்பாக இருக்கட்டும். ஆழமான மரவரி வேலைப்பாடு வேண்டாம், அழுக்கு அந்த வரிகளில் போய் உட்காரும். உங்களுக்குத் தேவை 6 அடி 4 அங்குலத்துக்கு 3 அடி 4 அங்குலம். ஆறரை அடி அகல ரோலில் மூன்றரை அடி வெட்டி வாங்கினால் சரியாக இருக்கும். வாங்கியதும் விரித்துவிடாதீர்கள். புது வினைலின் வாடை மூடிய கூண்டுக்குள் தங்கும். நிழலில் கொடியில் போட்டு மூன்று நான்கு நாள் காற்றாட விடுங்கள்.

அந்த நாட்களில் கூண்டின் அடிப்பலகையைத் தயார் செய்யுங்கள். கோகோ பீட் கிடந்த பிளைவுட் ஊறியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். குழிந்தால் அந்தப் பலகையை மாற்றுவதுதான் வழி. புதிதாகப் போடுவதானால் அடுக்களை அலமாரிக்குப் போடும் பி.வி.சி. போர்டு நல்லது, தண்ணீரில் ஊறாது. பழைய பலகை உறுதியாக இருந்தால் நன்கு உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷை இரண்டு கோட் அடியுங்கள். வெட்டுவாய்களை மறக்க வேண்டாம். பிளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தில் இல்லை, ஓரத்தில். சுவரும் தரையும் சேரும் மூலைக்கோட்டில் சிலிக்கான் தடவி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பூசணம் எதிர்க்கும் மருந்து கலந்த சிலிக்கான் வேண்டாம், சாதாரணமானது போதும். வார்னிஷ் வாடை முழுதும் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், இகுவானா வேறு இடத்தில் இருக்கட்டும்.

கதவு தரைமட்டத்திலேயே திறந்தால், வாசலில் 3 அங்குல உயரப் பலகை ஒன்றைக் குறுக்கே அடியுங்கள். வினைலின் முன்விளிம்பு சாய்ந்து நிற்க ஒரு முதுகு வேண்டும்.

ஷீட்டை விரிப்பதற்கு முன் கால்மணி நேரம் வெயிலில் வைத்தால் இளகிக் கொடுக்கும். நடுவிலிருந்து கையால் நீவிக்கொண்டே ஓரத்துக்கு வாருங்கள். மூலையில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். மடிப்பு தடிப்பாக வருகிறதே என்று கத்தியால் கீறிவிடுவார்கள். அடுத்த முறை கழுவும்போது தண்ணீர் அந்தக் கீறல் வழியே இறங்கிவிடும். கீறாதீர்கள். வாழையிலையில் தொன்னை மடிப்பதுபோல் மூலையைக் கூம்பாகப் பிடித்து, கூம்பை ஒரு பக்கச் சுவரோடு படிய வையுங்கள். பசை எதுவும் வேண்டாம். ரப்பர் பசையின் ஆவி ஊர்வனவற்றின் நுரையீரலுக்கு ஆகாது, பிறகு கழற்றவும் முடியாது. ஏறி நிற்கும் விளிம்பின் மேல் முக்கால் அங்குல அலுமினியப் பட்டை வைத்து, 8 அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ. சுற்றளவு 18 அடி, ஆக 30 ஸ்குரூ வாங்கினால் போதும். எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்குரூ கேட்டு வாங்குங்கள். இந்த உப்புக்காற்றில் இரும்பு ஸ்குரூ ஒரு மழைக்காலம் தாண்டாது.

கூண்டின் பின்கால்களுக்கு அடியில் அரை அங்குலக் கட்டை கொடுத்துவிட்டால் தண்ணீர் தானாக முன்னால் வரும், துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். எறும்பு ஏறாமலிருக்க நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ் கூண்டுக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது.

கிளையிலிருந்து குதித்து இறங்கும் இடத்தில் வினைல் கொஞ்சம் வழுக்கும். அங்கே ஒரு தோர்த்தை (மெல்லிய பருத்தித் துண்டு) நான்காக மடித்துப் போடுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், அதன் வளையங்களில் நகம் மாட்டும். தோர்த்து தட்டை நெசவு, துவைத்தால் சீக்கிரம் காயும். இரண்டு மூன்று வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம்.

தரையை விடவும் பெரிய உதவி ஒன்று உண்டு. பல இகுவானாக்கள் தண்ணீருக்குள் கழிவு போகும். 2 அங்குல ஆழத் தண்ணீரோடு, அதன் உடல் முழுதும் கொள்கிற அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டை ஒரு மூலையில் வையுங்கள். இப்போது எந்த மூலையில் எச்சம் போடுகிறதோ அதே மூலை. சில வாரத்தில் பழகிக்கொண்டால் தரையைத் துடைக்கும் வேலையே அரிதாகும். குடிக்கும் தண்ணீர் தனியாக, உயரத்தில் இருக்கட்டும்.

கழுவுவது எப்படி? அன்றன்றைய எச்சத்தை அன்றே எடுங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் ஒட்டியிருப்பது யூரேட், அதாவது சிறுநீரின் கெட்டிப் பகுதி. அதைச் சுரண்டினால் வினைல் கீறும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துணியை நனைத்துப் பத்து நிமிடம் அதன் மேல் போட்டுவையுங்கள். பிறகு விரலால் தள்ளினாலே வந்துவிடும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரால் முழுத் தரையும். அதன் பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் ஊற்றிய குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும், கிருமி அப்படியே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, வண்டல் அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் எடுத்துப் பூசுங்கள். பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். இரண்டு முறை நல்ல தண்ணீரால் கழுவி, வாடை போகும்வரை உலர்த்துங்கள். இகுவானா அப்போது வேறு அறையில் இருக்க வேண்டும். பவுடர் காற்றுப் பட்டால் வீரியம் இழக்கும். சிறு பொட்டலமாக வாங்கி இறுக மூடிவையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு இதைச் சேர்த்தால் நச்சு வாயு வரும். நம் வீடுகளில் எதற்கெடுத்தாலும் ஊற்றும் ஃபினாயில் ஊர்வனவற்றுக்கு விஷம். வெள்ளை, கறுப்பு, பைன் வாசனை எதுவும் வேண்டாம்.

ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மோனெல்லா இருக்கலாம், பிராணி நலமாகத் தெரிந்தாலும். வாளி, பிரஷ், துணி எல்லாம் இதற்கென்று தனியாக இருக்கட்டும். அடுக்களைத் தொட்டியில் எதையும் கழுவ வேண்டாம். கழுவிய தண்ணீர் கிணற்றடியில் போகாமல் கழிப்பறையில் போகட்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

மாதம் ஒருமுறை முன்பக்கப் பட்டையைக் கழற்றி வினைலைத் தூக்கிப் பாருங்கள். அடியில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் எங்கோ நீர் இறங்குகிறது. பெரும்பாலும் மூலை மடிப்பாகத்தான் இருக்கும். இகுவானாவின் வயிற்றுச் செதில்களையும் அன்றே பாருங்கள். பழுப்பாகவோ சிவப்பாகவோ மாறியிருந்தால், கொப்புளம் கண்டிருந்தால், தரை ஈரமாகவே இருந்திருக்கிறது என்று அர்த்தம். கால்நடை மருத்துவரிடம் காட்டத் தள்ளிப்போட வேண்டாம்.

இங்கே சொன்னது இகுவானாவுக்கு. லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லிக்கு மேட் டைல்ஸ் பொருந்தும். சல்காட்டா ஆமைக்கு வினைலும் டைல்ஸும் ஆகாது, அதற்கு மண்ணைத் தோண்ட வேண்டும். உடும்பு, நட்சத்திர ஆமை பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அவற்றை வீட்டில் வைத்திருப்பதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சை இகுவானா, சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம்; அச்சட்டத்தின் 2022 திருத்தப்படியும் 2024-இல் வந்த விதிகளின்படியும் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் தரை வேலைக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

உங்கள் இகுவானா பெண் என்றால் இன்னும் ஒன்று. ஆண் துணை இல்லாமலேயே பெண் இகுவானா முட்டை வைக்கும். இரண்டு மூன்று வயதில் அது தொடங்கலாம். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, ஓயாமல் வினைலைப் பிறாண்டினால் அது தோண்ட இடம் தேடுகிறது. இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகும். அப்போது மட்டும், அது நுழையும் அளவு துளை வெட்டிய பெரிய மூடியுள்ள டப்பாவில் ஆற்று மணலும் செம்மண்ணும் சரிபாதி கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில், ஓரடிக்குக் குறையாமல் நிரப்பி உள்ளே வையுங்கள். முட்டையிட்டு முடித்ததும் டப்பாவை எடுத்துவிடலாம். மண்ணைக் கிணற்றுக்குத் தள்ளியிருக்கும் தென்னந்தூரில் கொட்டுங்கள். கீரைப் பாத்தியில் வேண்டாம்.