பெஞ்ச் கிரைண்டர் கல் ஏன் உடைகிறது?

கேள்வி: எங்கள் பட்டறையில் கிரைண்டர் கல் ஓடும்போதே உடைந்து தெறித்தது. புதுக் கல் மாட்டும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் தட்டிப் பாருங்கள். உலர்ந்த கல்லை விரலில் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் மெல்லத் தட்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் விரிசல். தூக்கிப் போட்டுவிடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள். கல்லில் அச்சிட்ட ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற அளவு) மோட்டார் வேகத்தைவிடக் குறையக் கூடாது.

பலரும் கோட்டை விடுவது, தேய்க்கும் பொருளைத் தாங்கும் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியில்தான். கல் தேயத் தேய அது அகலும். 3 மி.மீ.க்கு மேல் போனால் பொருள் உள்ளே சிக்கிக் கல்லைப் பிளந்துவிடும். மேல் காப்புத் தகடு கல்லிலிருந்து 6 மி.மீ.க்குள் இருக்கட்டும். இரண்டையும் மோட்டாரை நிறுத்திய பிறகே நகர்த்துங்கள். சாதாரணக் கல்லில் அலுமினியம் தேய்த்தால் துளைகள் அடைத்துச் சூடேறும். மாட்டியதும் ஒரு நிமிடம் வெறுமனே ஓட்டுங்கள். அப்போது எதிரே யாரும் நிற்க வேண்டாம்.