உறையை எறியாதீர்கள்!

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கிலிருந்து எழுதிய கடிதங்கள் கம்பியில் குத்தியபடியே பரணில் கிடந்தன. பலவற்றில் தேதியே இல்லை. உறைகளை எறிந்துவிட்டுக் கடிதங்களை மட்டும் லேமினேட் செய்யலாம் என்கிறான் தம்பி. செய்யலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இரண்டுமே வேண்டாம், அம்மா. தேதியில்லாக் கடிதத்துக்கு உறைதான் சாட்சி. முன்பக்கம் அனுப்பிய ஊர் முத்திரை. பின்பக்கம் பெரும்பாலும் வந்து சேர்ந்த தபாலாபீஸ் முத்திரை. அது மங்கியிருந்தாலும் தபால்தலை பேசும். தபால்தலைமேல் 'பி.எம்.ஏ. மலாயா' (பி.எம்.ஏ. என்றால் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம்) என்று கூடுதலாக அச்சடித்திருந்தால், 1945இல் ஜப்பானியர் ஆட்சி போன பிறகு வந்த கடிதம். ஓரத்தை வெட்டிக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தால் போர்க்காலத் தணிக்கை, பட்டையைப் பிரிக்காதீர்கள். தபால்தலையையும் ஊறவைத்து எடுக்க வேண்டாம். தலையில் பாதி, உறையில் பாதியாக விழுந்த முத்திரை துண்டாகிவிடும்.

கம்பியில் மேலே இருப்பது கடைசியாக வந்தது. அந்த வரிசையே ஒரு காலக்கணக்கு. முதலில் அப்படியே போட்டோ எடுங்கள். துருப்பிடித்த கம்பியில் காகிதத்தை இழுத்தால் துளை கிழியும். கொக்கியை வெட்டிவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். உறைக்கு 12அ, கடிதத்துக்கு 12ஆ என்று 2பி பென்சிலால் ஓரத்தில் எண்ணிடுங்கள். பேனா கூடாது. மடிப்பு முறுகியிருந்தால் வலிந்து பிரிக்காதீர்கள். ஊதா நிற எழுத்தென்றால் இன்னும் கவனம்: சாயம் கலந்த காப்பியிங் பென்சிலாக இருக்கலாம், ஈரம் பட்டால் கரைந்து பரவும்.

லேமினேஷனில் சூட்டில் உருகும் பசை காகிதத்துக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. செலோ டேப்பும் பழுத்துக் கறை விடும். கடிதத்தை விரித்து, உறையோடு சேர்த்து, அமிலமற்ற காகித மடிப்பில் வையுங்கள். பி.வி.சி. கவர் ஆகாது. பெட்டியைப் பரணிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல், காற்றோட்டமான அறை அலமாரியில் வைத்தால் ராமபாணப் பூச்சியும் பூஞ்சையும் அண்டாது. இரு பக்கமும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்துவிட்டால் அசலை அடிக்கடி தொட வேண்டியிராது.

கேள்வி: பழைய கல்யாணக் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் கறை. துடைக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: அது கறையல்ல, சுபச்செய்திக்குத் தடவிய மஞ்சள். அதுவும் ஆவணம்தான், துடைக்காதீர்கள். மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாமல், இருட்டான பெட்டியில் வையுங்கள்.