அண்ணன் தேறிவிட்டார், நான் மட்டும் ஏன் இப்படி?

கேள்வி: ஏழு மாதத்துக்கு முன் திண்டிவனம் அருகே நானும் அண்ணனும் போன கார் மீது லாரி மோதியது. இருவருக்கும் சின்னக் காயம்தான். அண்ணன் மறுவாரமே கார் ஓட்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கோ இன்றும் ஹாரன் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. லாரியின் முகப்பு விளக்கு கனவில் வந்து விடியற்காலை 3 மணிக்கு எழுப்பிவிடுகிறது. காரில் ஏறுவதே இல்லை. பைபாஸைத் தவிர்க்க 9 கி.மீ. சுற்றி பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். "நீ சின்ன வயசுலேர்ந்தே பயந்தாங்கொள்ளி, எதையும் மனசுல போட்டு உழப்பிக்குவே" என்கிறார் அம்மா. அண்ணனுக்குப் பயமில்லை, ஆனால் இப்போது தினமும் குடிக்கிறார், சின்ன விஷயத்துக்கும் கத்துகிறார். தூக்கத்துக்கு மருந்துக்கடையில் அல்பிரசோலம் வாங்கிப் போடுகிறேன். என் சுபாவம்தான் காரணமா? பிறவிக் குணத்தை மாற்ற முடியுமா?
– பெயர் வேண்டாம், 34 வயது, விழுப்புரம்

பதில்: உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. எளிதில் கலங்கி, மெதுவாக அடங்கும் சுபாவத்தை உளவியலில் நியூரோட்டிசிசம் என்பார்கள். இது கூடுதலாக உள்ளவர்களுக்கு, விபத்து போன்ற அதிர்ச்சிக்குப் பிறகு, அதன் பாதிப்பு மனதில் நீடிக்கும் பி.டி.எஸ்.டி. என்ற மனநோய் வரும் வாய்ப்பும் கூடுதல். நோய் வந்தபின் அளந்தால் எல்லோருமே பயந்தவர்களாகத்தான் தெரிவார்கள். அதனால், முன்கூட்டியே அளந்த ஆய்வுகளுக்குத்தான் மதிப்பு. அமெரிக்காவின் மிச்சிகனில் 1989-ல் இளைஞர்களின் சுபாவத்தை அளந்துவைத்து 10 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அதிலும் இந்தத் தொடர்பு தெரிந்தது.

மீதிப் பாதியை அம்மா விட்டுவிட்டார். 2000-ல் 77 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சம்பவத்துக்கு முன்பே இருந்த காரணங்களைவிட, அதன் கடுமையும் அதற்குப் பிறகு நடப்பவையும் அதிகம் எடைபோட்டன: ஆதரவாகப் பேச ஆள் இல்லாதது, மேலும் மேலும் வந்து சேரும் நெருக்கடிகள். 'பயந்தாங்கொள்ளி' என்று தினமும் கேட்பது எந்தப் பக்கம் சேரும் என்பதை அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேலாக, சம்பவம் கனவாகவும் நினைவாகவும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டுவதைத் தவிர்ப்பது, மனநிலையும் எண்ணமும் இருண்டுபோவது, உடம்பு எந்நேரமும் உஷாராக இருப்பது என்ற நான்கும் சேர்ந்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் பி.டி.எஸ்.டி. என்பார்கள். உங்கள் கடிதத்தில் மூன்று தெளிவாகத் தெரிகின்றன. மனநல மருத்துவரோ சைக்காலஜிஸ்ட்டோ பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 20 கேள்விகள் கொண்ட பி.சி.எல்.-5 படிவத்தைக் கொடுப்பார்கள். 80-க்கு 31–33 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று அர்த்தம். அந்த எண் மட்டுமே நோயை முடிவு செய்யாது. குணத்தை அளக்கும் டெஸ்ட் ஏதும் கொடுத்தால், 'விபத்துக்கு முன்னால் எப்படி இருந்தேனோ அப்படி' என்று பதில் எழுதலாமா என்று கேளுங்கள். இன்றைய மனநிலையில் எழுதினால் நோயை எடுத்துக் குணத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

சரி, சுபாவம் எங்கே வேலை செய்கிறது? இரண்டு இடத்தில். ஒன்று, 'அன்னிக்கு பத்து நிமிஷம் லேட்டா கிளம்பியிருந்தா?' என்று சுற்றிச் சுற்றி வரும் யோசனை. பார்வைக்கு நினைவை அலசுவது போல இருக்கும். ஆனால், லாரி மோதிய அந்த நிமிடத்தைத் தொடாமல் அதன் ஓரத்திலேயே சுற்றும். அதனால் நினைவு ஆறாது. இரண்டாவது, உங்கள் 9 கி.மீ. அந்தச் சுற்றுவழியில் போகும் ஒவ்வொரு நாளும், 'பைபாஸில் போகாததால்தான் தப்பித்தோம்' என்று மூளை குறித்துக்கொள்கிறது. பயத்துக்குத் தினசரி தீனி அதுதான். ஒழுங்காக, திட்டமிட்டு வாழ்கிறவரிடம் இந்தத் தவிர்ப்பு 'முன்ஜாக்கிரதை' என்ற பெயரில் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

எனவே வைத்தியமும் அங்கிருந்துதான். காரில் செய்ய வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பய மதிப்பெண் போடுங்கள். 30–40 வாங்கும் ஒன்றில் தொடங்குங்கள்: உதாரணமாக, வீட்டு வாசலில் நிற்கும் காரில் முன்சீட்டில் உட்காருவது. தினமும் 30–45 நிமிடம், அல்லது மதிப்பெண் பாதியாகும் வரை. பிறகு தெருவுக்குள் ஒரு சுற்று, அதன்பின் காலியான நேரத்தில் பைபாஸில் பயணியாக. பெரும்பாலும் இரண்டு இடத்தில் கெடும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்கி ஓடினால், ஓடியதுதான் காப்பாற்றியது என்று பதியும். மறுநாள் இன்னும் கஷ்டம். இல்லாத பிரேக்கைக் காலால் மிதிப்பது, கண்ணை மூடிக்கொள்வது, போனுக்குள் புதைவது இவையெல்லாம் உள்ளே இருந்துகொண்டே தப்பிப்பது. படிகள் ஏறியும் பலன் தெரியவில்லை என்றால் முதலில் உங்கள் வலது காலைக் கவனியுங்கள்.

விபத்து நினைவையே முழுவதுமாகச் சொல்லிப் பார்க்கும் சிகிச்சையைத் தனியாகச் செய்ய வேண்டாம். அதற்கு ஆள் வேண்டும். பயப்படும் நினைவையும் இடங்களையும் தவிர்க்காமல் எதிர்கொள்ளப் பழக்கும் நீடித்த எக்ஸ்போஷர் சிகிச்சை வழக்கமாக 8 முதல் 15 அமர்வு, சி.பி.டி. (காக்னிட்டிவ் பிராசஸிங் தெரபி) எனும் சிந்தனை சார்ந்த சிகிச்சை 12 அமர்வு. பொதுவான கவுன்சலிங்கோடு நிறுத்திவிடாமல், இவற்றில் பயிற்சி உண்டா என்று கேட்டுச் சேருங்கள்.

அல்பிரசோலம் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைக்கப்படும் மருந்து அல்ல, பழக்கமாகும். ஆனால், இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென விட்டால் தூக்கம் மேலும் கெடும், வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின், பராக்சிடின் போன்றவற்றைத்தான் முதலில் யோசிப்பார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

குணம் மாறுமா என்றால், மாறும். 207 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான அலசலில், சராசரியாக 24 வாரச் சிகிச்சைக்குப் பின் மிகவும் மாறிய குணமே இந்தக் கலக்கம்தான். நீங்கள் அண்ணனாக மாறிவிட மாட்டீர்கள். அதற்கு அவசியமும் இல்லை.

அண்ணனைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. அவர் தேறிவிட்டார் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எளிதில் கலங்கும் சுபாவத்தோடு சுயக்கட்டுப்பாடும் குறைவாக உள்ளவர்களிடம் இதே நோய் பயமாக வராமல் குடியாகவும் கோபமாகவும் வெளிப்படுவதுண்டு. "பயமா இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார். "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறீங்க, குடிக்காத அன்னிக்கு என்ன ஆகுது?" என்று கேட்டுப் பாருங்கள். டாக்டரிடம் போகும்போது அவரையும் துணைக்கு வரச் சொல்லுங்கள். 14416 டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். இருவரில் யாருக்காவது உயிரை விடும் எண்ணம் வந்தால், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் அன்றே அழையுங்கள்.