பழைய டார்கெட் ரைபிள் எந்த ஆண்டுடையது? கேள்வி பதில்

கேள்வி: பேரலில் (குண்டு பாயும் குழல்) தயாரிப்பாளரும் சோதனைச்சாலையும் அடித்த முத்திரைகள் மங்கிவிட்டன. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்கவே கூடாது. உப்புத்தாள் முதலில் தின்பது முத்திரையின் ஓரத்தைத்தான். போல்ட்டைத் (பின்பக்கத் தாழ்) திறந்து, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். எண்ணெய்த் துணியால் அழுக்கை எடுத்து, உலரத் துடைத்து, வெள்ளைச் சாக்கட்டியைத் தடவி விரலால் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள். சில முத்திரைகள் ஸ்டாக்குக்கு (மரப்பிடி) அடியில் ஒளிந்திருக்கும்.

கேள்வி: ரெமிங்டன் 513டி. பேரலின் இடப்பக்கம், ரிசீவரை (பேரல் பொருந்தும் உடல் பகுதி) ஒட்டி 'ஓ', 'ஏ' என்று இரண்டு எழுத்துகள்.

பதில்: 1954 ஜூலை. முதல் எழுத்து மாதம். 'பிளாக்பவுடர்' என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து, கடைசியில் ஒரு எக்ஸ். வரிசையாக ஜனவரி முதல் டிசம்பர் வரை. 'ஓ' ஏழாவது. இரண்டாவது எழுத்து ஆண்டு. 'ஏ' 1932க்கும் உண்டு, 1954க்கும் உண்டு. இந்த மாடல் 1940இல்தான் வந்தது என்பதால் 1932 அடிபடுகிறது. இது பேரலின் தேதி என்பதை மறக்காதீர்கள். பேரல் மாறியிருந்தால் தேதியும் மாறும்.

கேள்வி: ஆன்ஷுட்ஸ் (ஜெர்மன் தயாரிப்பு). மான்கொம்பு முத்திரை, பக்கத்தில் 'ஜி', 'ஐ'.

பதில்: மான்கொம்பு உல்ம் நகரச் சோதனைச்சாலையுடையது; துப்பாக்கியைச் சுட்டுச் சோதித்து முத்திரை அடிக்கும் இடம் அது. இரண்டு எழுத்தும் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். 'ஏ' பூஜ்யம், 'பி' ஒன்று என்று எண்ணி வாருங்கள். 'ஜி' ஆறு, 'ஐ' எட்டு, 'ஜே' கிடையாது, 'கே' ஒன்பது. ஆக 68, அதாவது 1968. பேரலில் உல்முக்குப் பதில் ஸெல்லா-மேலிஸ் என்ற ஊர் இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தயாரிப்பு.

கேள்வி: சீரியல் எண் 4 இலக்கம். எந்த ஆண்டு?

பதில்: யார் தயாரிப்பு? படம் எங்கே?

கேள்வி: பிஎஸ்ஏ மார்ட்டினி 12/15 (பிரிட்டிஷ் தயாரிப்பு). சீரியல் பட்டியல்படி போருக்கு முந்தையது. பேரலிலோ கிரீடத்தின் கீழ் 'பிஎன்பி', கூடவே 'டன்ஸ்'. எதை நம்புவது?

பதில்: இரண்டையும். அந்தக் கிரீட 'பிஎன்பி' (புகையற்ற மருந்துச் சோதனை முத்திரை) பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் 1954 விதிகளோடு வந்தது; 'டன்ஸ்' அழுத்தத்தின் அளவு. ஆகவே பேரல் அதற்குப் பிறகு ஒருமுறை சோதனைக்குப் போயிருக்கிறது.

மறுகேள்வி: தொழிற்சாலைப் பட்டியலைவிட முத்திரையா பெரிது? எண்தானே துப்பாக்கியின் பிறப்புச் சான்று?

பதில்: அந்த எண் ரிசீவருக்குப் பிறப்புச் சான்று, பேரலுக்கு அல்ல. பேரலிலேயே பழைய முத்திரையும் புதியதும் அருகருகே இருந்தால் அதே பேரல் மறுசோதனைக்குப் போனது. ரிசீவரில் பழையது, பேரலில் புதியது மட்டும் என்றால் பேரல் மாற்றப்பட்டிருக்கிறது. இரண்டிலும் புதியது மட்டுமே என்றால் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்; 3ஐ 8 என்று படிப்பது சகஜம், மறுபடி சாக்கட்டி போடுங்கள்.

இன்னொருவர்: பேரல் மாறியிருந்தால் அது போலிதானே?

பதில்: இல்லவே இல்லை. பழைய .22 தோட்டாவின் பிரைமர் (பற்றவைக்கும் மருந்து) உப்புக் கசடை விட்டுப்போகும். உடனே துடைக்காத பேரலில் துரு குழி விழும். போட்டியில் சுடுபவர் அதை மாற்றத்தான் செய்வார். மறைத்து விற்பதுதான் மோசடி. விவரக் குறிப்பில் 'ரிசீவர் போருக்கு முன், பேரல் 1954க்குப் பின்' என்று எழுதுங்கள்.

கேள்வி: வின்செஸ்டர் 52இல் எண்ணுக்குப் பின்னால் 'பி'?

பதில்: 52பி மாடல். ஏ, பி, சி, டி என்று மேம்பாட்டு வரிசை. எழுத்தே இல்லையென்றால் தொடக்க கால 52.

கேள்வி: என்ன விலை போகும்?

பதில்: விலை சொல்வதில்லை. மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது.

கேள்வி: சீரியல் எண் மட்டும் தருகிறேன், ஆண்டு சொல்லுங்கள்.

பதில்: மேலே சொல்லியாகிவிட்டது. பெயர், முத்திரை, படம் மூன்றும் வேண்டும்.

கேள்வி: புளூயிங் (இரும்பின் கருநீலப் பூச்சு) போய்விட்டது. மறுபடி போடலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு முன் பாலிஷ் போடுவார்கள். முத்திரைகள் அதோடு போய்விடும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்.