கையில் வந்த ஆட்சியை வேண்டாம் என்றவர்கள்

கேள்வி: 1917-இல் ரஷ்யாவின் மிதவாத சோசலிஸ்டுகளுக்கு மக்கள் ஆதரவே இருக்கவில்லை, அதனால்தான் லெனினின் போல்ஷெவிக்குகள் அவர்களை எளிதாக ஓரங்கட்டினார்கள் என்கிறேன். மறுப்பீர்களா?

பதில்: மறுப்பேன். அந்த ஜூனில் தலைநகர் பெத்ரோகிராதில், சோவியத்துகள் எனப்பட்ட தொழிலாளர், படைவீரர் மன்றங்களின் முதலாவது அனைத்து ரஷ்ய மாநாடு கூடியது. அதில் மிதவாதிகளின் இரு கட்சிகளில் சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சிக்கு 285 பிரதிநிதிகளும் மென்ஷெவிக்குகளுக்கு 248 பிரதிநிதிகளும் இருந்தார்கள்; போல்ஷெவிக்குகளோ 105 பேர்தான். இவ்வளவு பலம் இருந்தும் அவர்கள் ஏன் வீழ்ந்தார்கள் என்றல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்?

பின்தங்கிய ரஷ்யாவில் முதலில் முதலாளித்துவ ஆட்சிதான் வர முடியும் என்பது மென்ஷெவிக்குகளின் கோட்பாடு. அதனால் சோவியத்துகள் தங்கள் கையில் இருந்தும் அவர்கள் தனித்து ஆட்சி ஏற்கவில்லை. மாறாக, மே மாதத்தில் மிதவாதிகளின் தலைவர்கள் ஜார் மன்னர் வீழ்ந்தபின் அமைந்த இடைக்கால அரசில் அமைச்சர்களாகச் சேர்ந்து, மக்கள் வெறுத்த முதல் உலகப் போருக்கும் பொறுப்பாளிகள் ஆனார்கள். ஜூலையில் சோவியத்தின் இருப்பிடமான தௌரிதா அரண்மனையை முற்றுகையிட்ட கூட்டத்தில் ஒருவர், வெளியே வந்த சோசலிஸ்ட் புரட்சியாளர் தலைவரும் வேளாண் அமைச்சருமான செர்னோவின் முகத்துக்கு நேரே முஷ்டியை உயர்த்தி, 'கொடுக்கும்போது ஆட்சியை எடுத்துக்கொள்ளடா' என்று வசைமொழியுடன் கத்தியதாகச் சொல்வார்கள். கூட்டத்தினரிடம் சிக்கிய அவரை மீட்டவர் போல்ஷெவிக்குகளின் பக்கம் நின்ற டிராட்ஸ்கி என்பது இன்னொரு வேடிக்கை.

நிலத்தை உழவர்களுக்குத் தருவதே செர்னோவ் கட்சியின் உயிர்நாடி. ஆனால் அரசியல் நிர்ணய சபை கூடட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டார்கள். அந்தச் சபைக்கான தேர்தலும் தள்ளிப்போயிற்று. அக்டோபரில் ஆட்சியைக் கைப்பற்றிய லெனின் அவர்களுடைய நிலத் திட்டத்தையே பெரும்பாலும் எடுத்துத் தம் ஆணையாக வெளியிட்டுவிட்டார். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உரியவர்கள் மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்த சரக்கு அது.

மார்தோவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போரை எதிர்த்துவந்த அந்த மென்ஷெவிக் தலைவர், ஆட்சி கைமாறிய இரவில் எல்லா சோசலிஸ்டுக் கட்சிகளும் பேசி ஓர் அரசை அமைக்க வேண்டும் என்று முன்மொழிந்தபோது, இரண்டாவது சோவியத் மாநாடு அதை ஒருமனதாக ஏற்றது. சற்று நேரத்தில் அவருடைய கட்சியின் வலதுசாரியினரே கண்டனம் தெரிவித்து வெளிநடப்புச் செய்து, அந்த வாய்ப்பைக் கெடுத்தார்கள்.

'எளிதாக' என்ற சொல்லையும் திரும்பப் பெறுங்கள். நவம்பரில் நடந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் மென்ஷெவிக்குகள் ஜார்ஜியாவுக்கு வெளியே தேறவில்லை என்பது மெய்தான். ஆனால் சோசலிஸ்ட் புரட்சியாளர்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு வாக்குகளுடன் முதலிடம் பெற்றார்கள், போல்ஷெவிக்குகளுக்குக் கால்வாசியளவே கிடைத்தது. 1918 ஜனவரியில் செர்னோவ் தலைமையில் கூடிய அரசியல் நிர்ணய சபை ஒரே அமர்வோடு கலைக்கப்பட்டது. அதை ஆதரித்துத் தெருவில் வந்த ஊர்வலத்தின்மீது துப்பாக்கிச்சூடும் நடந்தது.